மகிழ்ச்சி, தொண்ணூற்றேழு விழுக்காடு

“நல்ல ஸிஷா ஒன்று பார்த்து வைத்துவிட்டேன். சாயங்காலம் போகிறேன். எல்லாருக்கும் நன்றி, ஹாஹாஹா.”

மகிழ்ச்சி, தொண்ணூற்றேழு விழுக்காடு என்றது திரை. லோ பெய்யூ அந்தப் பதிவை மறுபடி படித்தாள். இணையத்தில் எழுதுகிறவர்கள் அழுகிறார்களா சிரிக்கிறார்களா என்று சொல்ல, நான்ஜிங்கில் அவளுடைய நிறுவனம் லட்சக்கணக்கான பதிவுகளை ஊட்டி வளர்த்த மென்பொருள் அது. உயிருக்கு ஆபத்து என்று அது சொன்னால்தான் உதவி மையத்துக்குத் தகவல் போகும்.

ஸிஷா என்றால் சீன மொழியில் தேநீர்க் குடுவை செய்கிற மண். அதையே தொனி மாற்றிச் சொன்னால் தற்கொலை. நேராக எழுதினால் பதிவைத் தூக்கிவிடுகிறார்கள் என்று பிள்ளைகள் மண்ணின் பெயரை எழுதிவிட்டுப் போகிறார்கள். இந்த மண்டூகத்துக்கு அது எங்கே தெரியப்போகிறது? அது படித்ததெல்லாம் குடுவை வாங்கியவர்களின் பெருமை.

மென்பொருளை மீறித் தகவல் அனுப்பக் குழுத்தலைவர் கூவால் மட்டுமே முடியும். பெய்யூ ஓடிப்போய் நின்றபோது அவர் ஸிஷா குடுவையிலிருந்துதான் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

“குடுவை வாங்கப் போறாம்மா. நான்கூடத்தான் அடிக்கடி வாங்குறேன். நானும் சாகப்போறேனா?”

ஏற்கெனவே இருமுறை வீணாகப் பதறி உதவி மையத்திடம் வாங்கிக் கட்டிக்கொண்டாயிற்று, இன்னொரு முறை என்றால் ஒப்பந்தமே போய்விடும் என்றார். பெய்யூவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதை எழுதிய பெண்ணின் பழைய பதிவுகளை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். தூக்கம் வரவில்லை, தேர்வில் தோற்றுவிட்டேன், அம்மாவிடம் சொல்ல முடியாது.

“இவ பால் டீயைத் தவிர வேற டீ குடிச்சதா ஒரு வரி காட்டுங்க சார். சாயங்காலம்னு எழுதியிருக்கா. இப்பவே வெயில் இறங்கிடுச்சு.”

கூ படித்தார். படிக்கப் படிக்க அவர் முகம் வெளுத்தது. தகவலை அனுப்பினார்.

உதவி மையம் அந்தப் பெண்ணின் கல்லூரியைக் கண்டுபிடித்தது. விடுதிக் காப்பாளர் கதவைத் தட்டினார். அவள் திறக்கவில்லை. என் பதிவைப் புரிந்துகொண்டது யார் என்று மட்டும் உள்ளிருந்து கேட்டாளாம். மையத்திலிருந்து பெய்யூவுக்கு அவளுடைய கைபேசியோடு இணைப்பு கொடுத்தார்கள். பெய்யூ தான் யார், எந்த நிறுவனம் என்று சொன்னாள்.

“எல்லாரும் லைக் போட்டுட்டுப் போய்ட்டாங்க. உங்க மெஷின்தானே கண்டுபிடிச்சுது?”

“இல்லடி. நீ சந்தோஷமா இருக்கேன்னு சொல்லுச்சு அது. நான்தான் நம்பல.”

பெய்யூ தொலைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டாள். தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது. பிறகு அந்தப் பெண் வாய்விட்டு அழுதாள்.