அழுகை நிற்கும் பெயர்

பிறந்து ஒன்பது நாளாகியும் குழந்தைக்குப் பாதிப் பெயர்தான் இருந்தது. மழையில் பிறந்ததால் அகோத். அது வானம் கொடுத்த பெயர், யாரும் யோசிக்க வேண்டியதில்லை. மீதிப் பெயரை வீட்டில் மறைந்துபோன ஒருத்தியிடமிருந்து வாங்க வேண்டும். யாரிடமிருந்து என்பதைக் குழந்தைதான் சொல்லும். அது அழும்போது மறைந்தவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகக் கூப்பிடுவார்கள். எந்தப் பெயரில் அழுகை நிற்கிறதோ, அதுதான் பெயர்.

மூன்றாம் நாளிலிருந்து குழந்தை ஓயாமல் அழுதது. ஏரிக்கரை ஆஸ்பத்திரியின் நர்ஸ் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். "காய்ச்சல் இல்ல, பால் நல்லாக் குடிக்குது, எடையும் ஏறியிருக்கு. வீட்டுக்குப் போய்ப் பேரைத் தேடுங்க" என்று சிரித்தாள். குழந்தையின் தாய் அபோண்டிக்குச் சிரிப்பு வரவில்லை.

அவள் பயந்தது ஒரே ஒரு பெயருக்கு. அதோயோ. கணவன் ஓபுராவின் முதல் மனைவி. முப்பது வயதுகூட ஆகாமல், பிள்ளையும் இல்லாமல், மூன்று வருடத்துக்கு முன்னால் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தவள். பிள்ளையில்லாமல் போனவர்களுக்குத்தான் பெயர் ஆசை அதிகம் என்பார்கள். அபோண்டி அவளைப் பார்த்ததே இல்லை. ஆனாலும் காய்ந்த பொடிமீன் வாங்க வரும் பெண்கள், அபோண்டி குவளையில் அளந்து கொட்டுவதைப் பார்த்துக்கொண்டே, "அதோயோவுக்குக் கை தாராளம்" என்று காற்றிடம் சொல்வதுபோல் சொல்லிவிட்டுப் போவார்கள். பெற்ற மகளை ஆயுசுக்கும் அந்தப் பெயரால் கூப்பிடுவதா? ஓபுரா வாய் நிறைய அந்தப் பெயரைச் சொல்வதைக் காதால் கேட்பதா?

அதனால் ஒரு தந்திரம் வைத்திருந்தாள். ஓபுராவின் கொள்ளுப்பாட்டி பெயர் அகேயோ. அறுவடையில் பிறந்தவள். சொன்னாலே களஞ்சியம் நிறைந்தது போலிருக்கும் பெயர். அந்தப் பெயர் வரும் நேரம் பார்த்து முலையைக் கொடுத்துவிட்டால் குழந்தை அடங்கிவிடும். அடங்கினால் அகேயோதான்.

மதியம் ஓபுராவின் அத்தை அவோகோ வாடகை மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினாள். அந்தக் குடும்பத்துச் செத்தவர்கள் அத்தனை பேரும் அவள் நாக்கு நுனியில் இருந்தார்கள்.

"என்னடி உயோமாக்காரி, உன் மக சத்தம் தார் ரோடு வரைக்கும் கேக்குது! வண்டிக்காரன் ஹாரனே அடிக்கல."

"உங்க வீட்டு ரத்தம் அத்தை. எங்க ஊர் உயோமாவுல எல்லாரும் மெதுவாத்தான் பேசுவோம்."

"வாய் மட்டும் மெதுவா இல்ல போ."

அவோகோ கஞ்சியைக் குடித்து முடித்து, கையைத் துடைத்துக்கொண்டு குழந்தையின் முகத்தருகே குனிந்தாள். ஓபுரா வாசல் நிலையில் சாய்ந்து நின்றான்.

"நீதானா அமோலோ? விடியறதுக்கு முன்னாடியே எந்திரிச்சு ஊரையே எழுப்பினவளே, நீன்னா நிறுத்து."

நிற்கவில்லை.

"அகோலாவா? மூணு புருஷனையும் அடக்கி ஆண்டவளே?"

அழுகை ஏறியது. "அவ இல்ல. அவளா இருந்தா இந்நேரம் என்னை அடிச்சிருப்பா" என்றாள் அவோகோ. ஓபுரா சிரித்தான். அபோண்டியின் விரல்கள் ரவிக்கைப் பொத்தானை அவிழ்த்துக்கொண்டிருந்தன.

"அகேயோ! மகளே, நீ அகேயோவா?"

சட்டென்று முலையை வாயில் வைத்தாள். குழந்தை தலையைத் திருப்பிக்கொண்டது. மறுபடி வைத்தாள். பால் கன்னத்தில் வழிந்ததே தவிர உதடு மூடவில்லை. முகம் கறுத்து, மூச்சுப் பிடித்து, முன்னைவிட உரக்கக் கத்தியது.

அவோகோ நிமிர்ந்து பார்த்தாள். "அடிப் பாவி. லஞ்சம் குடுத்தா பேரு வாங்குற? நானும் என் ரெண்டாவதுக்கு இதைத்தான் செஞ்சேன். கக்கிடுச்சு."

அபோண்டிக்குக் காது சூடானது. அத்தை இன்னும் நாலைந்து பெயர்களைக் கூப்பிட்டாள். ஒவ்வொரு பெயருக்கு முன்னும் அபோண்டி குழந்தையை இறுக்கிப் பிடித்தாள். அடுத்தது அதுதான், அடுத்தது அதுதான். ஆனால் அத்தை திடீரென்று நிறுத்தி, துணியை உதறி இடுப்பில் கட்டிக்கொண்டாள்.

"எங்க பக்கம் தீந்துச்சு. நாளைக்கு உங்க ஊர்ப் பேருங்களைக் கூப்பிட்டுப் பாப்போம்."

தீரவில்லை என்பது அந்த அறையில் மூன்று பேருக்கும் தெரியும். ஓபுரா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அத்தை செருப்பைத் தேடுவதுபோல் குனிந்தாள். தனக்காகத்தான் விட்டுவிட்டார்கள் என்று அபோண்டிக்குப் புரிந்தது. நிம்மதி வந்திருக்க வேண்டும். ஆனால் குழந்தையின் குரல் கம்மிக்கொண்டே போய், கிழிந்த துணியை இன்னும் கிழிப்பது போல் கேட்டது. ஆறு நாளாக யாரையோ கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓய்ந்த குரல். இந்த வீட்டில் ஒரு கதவை மட்டும் எல்லோரும் சேர்ந்து சாத்திப் பிடித்திருந்தார்கள். அதுவும் தன் பொருட்டு.

"அத்தை, ஒண்ணு விட்டுப்போச்சு."

"வேணாண்டி. உன்னை யாரும் கேக்கல."

அபோண்டி குழந்தையை முகத்துக்கு நேராகத் தூக்கினாள்.

"அதோயோ" என்றாள். "நீதானா? நீன்னா… சரி, வா."

குழந்தை விக்கியது. ஒருமுறை உடம்பு அதிர்ந்தது. பிறகு வாய் மூடியது.

மறுபடி தொடங்கிவிடும் என்று அபோண்டி காத்திருந்தாள். தொடங்கவில்லை. வெளியே கோழிகள் கிளறுவது அத்தனை நாள் கழித்து இப்போதுதான் கேட்டது. ஓபுரா முகத்தைத் திருப்பிக்கொண்டு முற்றத்தில் இறங்கிப் போனான்.

"அவன் அழட்டும் விடு" என்றாள் அத்தை, மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "நீ இவளை நல்லாப் பாத்துக்க. மூத்தாளோட பீத்துணியை அலசுற யோகம் எவளுக்குடி கிடைக்கும்?"

அபோண்டி சிரிக்கப் பார்த்தாள். குழந்தை தூங்கிவிட்டது. நன்றாக, ஆழமாக, சத்தமே இல்லாமல். அந்தப் பெயர்க்காரி முப்பதைப் பார்க்காதவள் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. சுட்டுவிரலைக் குழந்தையின் மூக்கடியில் வைத்தாள். இளஞ்சூடாக மூச்சு பட்டது. மறுபடி பட்டது.

"விரலை எடுடி, முழிச்சிக்கும்" என்றாள் அத்தை.

"இருங்க அத்தை" என்றாள் அபோண்டி. எடுக்கவில்லை.