நான்கு ஸ்குரூ கழுத்து

1957 டிசம்பர் 14, சனிக்கிழமை காலை, மலாயாவில் கெமாஸ் பக்கத்திலுள்ள பத்து கெலாடி ரப்பர் தோட்டத்திலிருந்து இரண்டு பேர் மின்சார பேஸ் கித்தார் வாங்க பஸ்ஸில் சிரம்பான் போனார்கள்.

ஒருவர் மணியம், ரப்பர் ஆலையில் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் பிட்டர். தேயிலைப் பெட்டியில் கம்பை நட்டு ஒற்றைக் கயிறு கட்டி, ஐந்து வருடமாகத் தோட்டத்து இசைக்குழுவுக்கு பேஸ் வாசித்தவர். மற்றவர் கணேசமூர்த்தி, கணக்கெழுதும் சின்னக் கிராணி. ஆபீசுக்கு வந்து எட்டு மாதம்தான் ஆகிறது. கித்தார் வாசிப்பார். சீமைக்குத் திரும்பிய தோட்டத்துத் துரை பேஸ் வாங்கக் குழுவுக்குப் பணம் அன்பளிப்பாக விட்டுப் போனதும், பேஸுக்கு மாறிக்கொள்கிறேன் என்று முதலில் சொன்னவர் அவர்தான்.

குழுத் தலைவர், தொழிலாளரை மேய்க்கும் மண்டோர் திருநாவுக்கரசு அதற்கு ஒரு வழி வைத்திருந்தார். "ரெண்டு பேரும் சேர்ந்து போய் எடுங்க. பொங்கலன்னைக்கு முன்பாதி மணியம், பின்பாதி கிராணி. சனம் யாரைச் சொல்லுதோ அவர்தான் இனிமே பேஸ்."

பஸ் முழுக்க மணியம் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். பாடகி மயிலம்மாள் முந்தின வாரம் சொன்னது அவருக்குள் அரித்துக்கொண்டிருந்தது: "கிராணி வாசிச்சா எனக்குத் தாளமே தேட வேணாம்லா."

சிரம்பானில் வாத்தியக் கடைக்காரர் பக்கீர் முகம்மது இரண்டு பேஸ்களை எடுத்து வைத்தார். ஒன்று வயலின் வடிவத்தில், தேன் நிறத்தில் மின்னியது. கழுத்தை உடம்போடு பசை போட்டு ஒட்டியிருந்தார்கள். மற்றது தட்டைப் பலகை. அதைத் திருப்பிக் காட்டினார். முதுகில் இரும்புத் தகடும் நான்கு ஸ்குரூவும் இருந்தன.

"இதுல கழுத்து தனி, உடம்பு தனி" என்றார் பக்கீர். "ஒரு வெள்ளைக்கார சிப்பாய் வித்துட்டுப் போனது."

கணேசமூர்த்தி இரண்டையும் வாசித்துப் பார்த்துவிட்டு வயலின் வடிவத்தைக் கீழே வைக்க மனமில்லாமல் நின்றார். "இதுதான் அண்ணே. சத்தம் எவ்வளவு மெத்துனு இருக்கு பாருங்க."

"நம்ம தோட்டத்து ஈரத்துக்கு இந்தப் பசை எத்தனை நாள் நிக்கும் கிராணியாரே? அது விட்டா தூக்கிக் குப்பையிலதான் போடணும். ஸ்குரூ தளர்ந்தா நான் முறுக்கிக்குவேன். இது பிட்டர் வேலை, பேனா வேலை இல்ல."

சொன்னதில் தப்பில்லை. பக்கீரும் தலையாட்டினார். கணேசமூர்த்தி விட்டுக்கொடுத்தார். ஆனால் மணியம் அந்த நான்கு ஸ்குரூவைப் பார்த்ததும் நினைத்தது பசையையும் ஈரத்தையும் அல்ல.

காட்டிலிருந்த கம்யூனிஸ்ட் கெரில்லாக்களுக்கு எதிரான அவசரகாலம் அது; தொழிலாளர் வீடுகளைச் சுற்றி முள்வேலி போட்டிருந்தார்கள். மாலை ஆறு மணிக்குக் கேட் சாத்தினால் காலையில்தான் திறக்கும். பயிற்சி நடக்கும் கூடம் வெளியே, ஆபீஸ் வளாகத்தில் இருந்தது. கிராணிகளின் வீடுகளும் அங்கேயே. ஆறு மணிக்கு மேல் மணியம் வேலிக்குள் இருப்பார். கணேசமூர்த்தி கூடத்துக்குப் போய் விரும்பியவரை வாசிக்கலாம்.

முதல் பயிற்சி முடிந்ததுமே மணியம் தந்திகளைத் தளர்த்தி, நான்கு ஸ்குரூவையும் கழற்றி, கழுத்தைத் துணியில் சுற்றினார்.

"எதுக்கு மணியம்?" என்றார் திருநாவுக்கரசு.

"ஆபீஸ் வேலியை ரெண்டு தடவை அறுத்துட்டானுங்க. முழுசா வெளிய கெடந்து காட்டுக்காரன் தூக்கிட்டுப் போனா, போலீசுக்கு யாரு பதில் சொல்றது? கழுத்து இல்லேன்னா அது வெறும் பலகை."

அந்தக் காலத்தில் இப்படி ஒரு காரணத்தை எதிர்த்துப் பேச யாரும் துணியமாட்டார்கள். கணேசமூர்த்தி மட்டும், "ராத்திரி என் வீட்டுல வெச்சுக்கிறேனே அண்ணே" என்றார்.

"உங்க வீட்டுக் கதவு என்ன இரும்பா?"

கேட்டில் சோதனை போடும் மலாய்க் காவலர் முதல் நாள் துணியை அவிழ்த்துப் பார்த்துவிட்டு, "பாடான் மானா?" என்றார், உடம்பு எங்கே என்று. பிறகு தினமும் அதையே கேட்டுச் சிரித்தார். வீட்டில் மனைவி செல்லம், "கழுத்துக்குப் பாய், தலகாணி எல்லாம் போட்டாச்சா? எனக்கு எடம் இருக்கா?" என்றாள். மணியம் கழுத்தைத் தலைமாட்டில் வைத்துப் படுத்தார். வேலிக்கு அந்தப் பக்கம் அந்நேரம் கிராணி சும்மா உட்கார்ந்திருப்பார் என்று நினைத்தால்தான் அவருக்குத் தூக்கம் வந்தது.

ஒரு மாதம் இப்படியே போனது. தினமும் மாலை பூட்டி, தினமும் கழற்றினார். ஆலையில் அவர் கையாளும் போல்ட்டுகள் இரும்பில் மரை வெட்டிய துளைகளில் ஏறுபவை. ஆயிரம் தடவை கழற்றினாலும் அப்படியே பிடிக்கும். பேஸின் ஸ்குரூக்கள் நேராக மரத்தைக் கடித்து நின்றன. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மரத்தூள் உதிர்ந்தது. மணியம் அதை ஊதிவிட்டு, இன்னும் அழுத்தி முறுக்கினார்.

ஜனவரி 14, பொங்கல். கேட் சாத்தும் நேரத்தைக் கணக்குப் பண்ணி மூன்று மணிக்கே நிகழ்ச்சியைத் தொடங்கினார்கள். முதல் பாட்டு நன்றாகப் போனது. இரண்டாவதில் மயிலம்மாள் திரும்பிப் பார்த்தாள். பேஸ் கால் சுரம் கீழே இறங்கியிருந்தது. மணியம் முறுக்காணியைத் திருகி ஏற்றினார். ஏற்ற ஏற்றத் தந்தி கழுத்தை முன்னால் இழுத்தது. உடம்போடு சேரும் இடத்தில் ஒரு விரல் நுழையும் அளவு இடைவெளி விட்டது. மூன்றாவது பாட்டின் நடுவில் இரண்டு ஸ்குரூக்கள் மேடைப் பலகையில் விழுந்தன.

"பிட்டரே, கழுத்து கழண்டுக்கிச்சு!" என்று முன்வரிசையில் யாரோ கத்த, கூட்டம் சிரித்தது.

கணேசமூர்த்தி சிரிக்கவில்லை. குனிந்து ஸ்குரூக்களைப் பொறுக்கி, துளையில் விரலை வைத்துப் பார்த்தார். "தேஞ்சு போச்சு அண்ணே" என்று மட்டும் சொன்னார். கோபப்பட்டிருந்தால் மணியத்துக்குத் தாங்க முடிந்திருக்கும்.

மறுநாள் கெமாஸில் ஒரு தச்சர் துளைகளில் கட்டை அடைத்து, புதிதாகத் துளையிட்டுக் கொடுத்தார். இனிக் கழற்றக்கூடாது என்றார். திருநாவுக்கரசு பேஸை முழுதாகக் கணேசமூர்த்தியின் வீட்டில் வைத்தார். பிப்ரவரி 9 அன்று அம்பாங்கானில் நடந்த ஒரு கல்யாணத்தில் பேஸ் வாசித்தவர் கணேசமூர்த்தி. மணியம் அன்று குழுவோடு போகவில்லை.