பதினொன்றரைக்கு அணையும் கார்டு

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கணினிக் கோளாறுகளைப் பேசும் ஓர் இணைய மன்றத்தில் முகம் தெரியாத ஒருவர் யாருக்கோ எழுதிய ஒற்றை வரிப் பதிலிலிருந்து வந்தது: 'மெய்நிகர் கார்டை அணைத்துப் பாருங்கள், டிவியில் படம் வரும்.' அணைத்தேன். வந்தது. வராமல் போயிருந்தால் இதை எழுதும் அவசியமே இருந்திருக்காது.

தொடக்கத்தை மூன்று முறை எழுதி அடித்தேன். 'விடாமல் மழை பெய்துகொண்டிருந்த ஒரு—' மழையே இல்லை. 'அவன் ஒரு கணினி வல்லுநன், அவனுக்கு—' பொய். அவன் பாடநூல்களுக்கு வீட்டிலிருந்தே பிழை திருத்துகிறவன், கணினியில் அரைகுறை. 'அவன்' என்பதும் பொய்தான். நான்.

2

ஆட்கள் மூன்று பேர். நான், என் மனைவி, அவளுடைய அப்பா.

மனைவி லிஃப்ட் கம்பெனி ஒன்றுக்கு வரைபடம் போடுகிறவள். ஒரு வருடமாக உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு வேலை பார்க்கிறாள். கம்பெனியின் பழைய மென்பொருள் புதிய கணினியில் ஓடாது என்பதால், எங்கள் கணினிக்குள்ளேயே இன்னொரு கணினியை மென்பொருளால் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். மெய்நிகர் கணினி. அது வெளியே போய்வர ஒரு நெட்வொர்க் கார்டு வேண்டும். அந்தக் கார்டும் மெய்நிகர்தான். கையால் தொட முடியாது, ஆனால் அணைக்க முடியும்.

மாமா பேருந்து நிலையத்தில் ஒலிபெருக்கி அறிவிப்பாளராக இருந்தவர். (முதல் வரைவில் அவரை ஏலம் விடுகிறவராக மாற்றியிருந்தேன். அறிவிப்பாளருக்கே பேச்சு போனது என்றால் கதைக்காக ஜோடித்தது போலிருக்குமே என்று பயம். போனது அவருக்குத்தான், நான் என்ன செய்வது?) ஐந்து மாதம் முன்பு பக்கவாதம். கையும் காலும் தேறிவிட்டன, வாய் தேறவில்லை. உதடு எப்படிக் குவிகிறது, நாக்கு எங்கே முட்டுகிறது என்று காட்டும் காணொளிகளைப் பேச்சுப் பயிற்சியாளர் அனுப்பியிருந்தார். கைபேசியில் அவருக்குச் சரியாகத் தெரியவில்லை. கூடத்து டிவியில் அந்த வாய் சாப்பாட்டுத் தட்டு அளவுக்குத் தெரிந்தால்தான் கூடச் சேர்ந்து அசைக்கிறார். வீட்டில் இருப்பதோ ஒரே கணினி, மனைவி வேலை பார்ப்பது. காணொளிகளும் அதில்தான்.

(பென் டிரைவில் போட்டு டிவியில் சொருகலாமே என்பீர்கள். அந்தத் துளைக்குள் ஏற்கெனவே ஒரு பென் டிரைவின் முனை முறிந்து நிற்கிறது. முறித்தவன் நான்.)

3

டிவிக்குக் கணினி தெரியவில்லை. காரணத்தை மிகவும் தாமதமாகத்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். படங்களை அனுப்பும் மென்பொருள் 'நான் இங்கே இருக்கிறேன்' என்று வீட்டு நெட்வொர்க்கில் அறிவிக்க வேண்டும். எங்கள் வீட்டிலோ, முதலில் கண்ணில் பட்ட மெய்நிகர் கார்டின் வழியாக அது அறிவித்துக்கொண்டிருந்தது. ஆளில்லாத அறையில் நின்று கத்துவது மாதிரி. அந்தக் கார்டை அணைத்தால் வேறு வழியில்லாமல் வீட்டுப் பக்கம் திரும்பும்.

மாமா சிலேட்டில் எழுதிக் காட்டினார்: 'மாப்பிள்ளை, அவளுக்குத் தெரிய வேண்டாம். வாய் கோணுவதைப் பார்த்தால் அழுவாள்.' ஆகவே அவள் கதவு சாத்தியிருக்கும் நேரத்தில்தான் பயிற்சி. தினமும் பதினொன்றரைக்குக் கார்டு தானாக அணைந்து, இருபது நிமிடம் கழித்துத் தானாக உயிர்பெறும்படி, அவள் தூங்கிய பிறகு கணினியில் நேரம் குறித்து வைத்தேன். அன்று எனக்கு என்னைப் பற்றி ரொம்பப் பெருமை.

முதல் நாள், டிவியில் வாய் திறந்த அதே நிமிடம் உள்ளறையிலிருந்து குரல் வந்தது.

"என்னங்க, உங்களுக்கும் நெட் போச்சா?"

அவள் வேலை பார்க்கும் மெய்நிகர் கணினியும் அதே கார்டில்தான் தொங்குகிறது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. மாமா பதறிப்போய் உள்ளறைப் பக்கம் திரும்பினார். அவர் வாயிலிருந்து, நான்கு மாதத்தில் முதன்முறையாக, ஒரு முழுச் சொல் வந்தது.

"கதவு."

நான் ஓடிப்போய்க் கதவைப் பிடித்துக்கொண்டேன். "நான் பாத்துக்கிறேன், நீ உள்ளயே இரு" என்றேன். பிறகு அந்த நேரக்குறிப்பை நீக்க எனக்கு மனம் வரவில்லை.

4

இந்த இடத்தில் என் பாத்திரத்தின் மேல் எனக்கே சந்தேகம். சரியான வழியைத் தேடியிருக்கலாமே? தேடவில்லை. ஓடுவதை எதற்கு நோண்ட வேண்டும் என்ற புத்தி.

மூன்று வாரம் ஓடியது. தினமும் அவளுடைய வரைபடம் பாதியில் பூட்டிக்கொள்ளும், கம்பெனியில் நான்கு பேர் கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பார்கள். இணையக்காரர்கள் இரண்டு முறை வந்து கேபிளை மாற்றினார்கள். ஏணியைப் பிடித்துக்கொண்டது நான்தான். வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் இதை அடிக்கப் போவதில்லை.

பிறகு கம்பெனியிலிருந்து கடிதம். தினமும் இருபது நிமிடம் காணாமல் போவதற்கு வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டுக்குள் காரணம் எழுத வேண்டும், இல்லையென்றால் திங்கள் முதல் தலைமை அலுவலகத்துக்கு வந்துவிட வேண்டும். எட்டு மணி நேரப் பயணம். தனியாக அறை எடுத்துத்தான் தங்க வேண்டும். அவள் கடிதத்தை மடித்துவிட்டுச் சொன்னாள்:

"அப்பா திரும்பப் பேசுற அன்னைக்கு நான் இங்க இருக்க மாட்டேன்."

மாமா அதற்குள் ஏழு சொற்கள் பேசியிருந்தார்.

நேற்று மாலை அவள் குளிக்கப் போன நேரத்தில் உட்கார்ந்து தேடினேன். எந்தக் கார்டின் வழியாக அறிவிப்பது என்று அந்த மென்பொருளிலேயே தேர்ந்தெடுக்கலாமாம். வீட்டுக் கார்டைத் தேர்ந்தெடுத்தேன், நேரக்குறிப்பை நீக்கினேன். மொத்தம் நான்கு நிமிட வேலை.

5

முடிவு அ: அவன் வாயே திறப்பதில்லை. கோளாறு தானாகச் சரியாகிவிட்டது என்று எல்லாரும் நம்புகிறார்கள். அவள் 'காரணம் தெரியவில்லை' என்று எழுதி, திங்கட்கிழமை பெட்டியோடு—

முடிவு ஆ: அவன் கதவைத் தட்டி, அவள் முகத்தைப் பார்த்து எல்லாவற்றையும் சொல்கிறான். இதை நான்கு முறை எழுதினேன், ஒரு முறையும் நம்பும்படி வரவில்லை. நேரில் சொல்லத் துணிச்சல் இருப்பவன் எதற்காகக் கதை எழுதப் போகிறான்?

6

வாசகர்கள் மன்னிக்க வேண்டும். இந்தக் கதைக்கு ஒரே ஒரு வாசகிதான். என் கதைகளை முதலில் படித்து, சிவப்புப் பேனாவால் ஓரத்தில் 'நம்ப முடியல' என்று எழுதுகிறவள்.

கதவின் அடியில் தாள்கள் ஒவ்வொன்றாக வருவதைப் பார்த்திருப்பாய். இது கடைசித் தாள். காரணம் உனக்குக் கிடைத்துவிட்டது. அப்படியே எழுதி அனுப்பு. 'என் கணவர் செய்தது' என்று தாராளமாகப் போடு.

இன்று வெள்ளிக்கிழமை. இப்போது மணி பதினொன்று முப்பத்திரண்டு. டிவியில் வாய் திறந்திருக்கிறது. உன் குரல் இன்று வரவில்லை. அப்படியென்றால் உனக்கும் இணைப்பு இருக்கிறது, இவருக்கும் படம் ஓடுகிறது.

இரண்டு நாளாக மாமா பழகுவது நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது அவர் உன்னைக் கூப்பிட்ட பெயரை. முதல் பாதி வந்துவிட்டது. மறுபாதியில் உதடு ஒரு பக்கமாக இழுக்கிறது. முழுதாக வந்த பிறகுதான் உன்னைக் கூப்பிடுவாராம். சிலேட்டில் கொட்டை எழுத்தில் எழுதி வைத்திருக்கிறார். உனக்குச் சொல்ல மாட்டேன் என்று அவருக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். இதோ அதையும் மீறியாயிற்று.

நீ கதவைத் திறந்தால் பாதிப் பெயர் கிடைக்கும், கூடவே அவருடைய கோணிய வாயும். திறக்காமல் இருந்தால் என்றைக்காவது முழுப் பெயர் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். எது சரி என்று எழுதிப் பார்த்தேன், எனக்குத் தெரியவில்லை. அதனால் முடிவை எழுதவில்லை.

தாளை உள்ளே தள்ளுகிறேன். கதவை நான் பிடித்துக்கொள்ளவில்லை.