இடது பக்கத்தில் யார்?

பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவருக்குக் கழுத்து பிடித்துக்கொண்டு நாலு மாதம் ஆகிவிட்டது. இடது பக்கம் பார்க்க வேண்டுமென்றால் இடுப்போடு சேர்த்து மொத்த உடம்பையும் திருப்பியாக வேண்டும். பிள்ளைகள் சும்மா இருக்குமா? 'ரோபோ மாமா' என்று பெயர் வைத்துவிட்டன. அதையாவது பொறுத்துக்கொண்டார். வரும் திங்கட்கிழமை டாக்டர் பரிசோதனை இருந்தது. கழுத்து இரண்டு பக்கமும் திரும்பாவிட்டால் வேன் சாவி வேறொருவர் கைக்குப் போய்விடும். அதை நினைத்தால்தான் சோறு இறங்கவில்லை.

மாத்திரை, தைலம், வெந்நீர்ப் பை எல்லாம் பார்த்தாயிற்று. மசாஜ் நிலையங்களில் விசாரித்தார். அவர்கள் சொன்ன கட்டணத்தைக் கேட்டால், நன்றாக இருக்கிற வலது பக்கமும் பிடித்துக்கொள்ளும் போலிருந்தது. கடைசியில் வேனில் வரும் ஒரு பிள்ளையின் அம்மாதான் வழி சொன்னாள். மருந்துக் கடை மாடியில் மசாஜ் சொல்லித்தரும் பள்ளி இருக்கிறது, மாணவர்கள் பழகுவதற்கு ஆள் தேடுகிறார்கள், கால்வாசிக் கட்டணம்தான்.

"கத்துக்குட்டிங்க கையில கழுத்தைக் கொடுக்கப் போறீங்களா?" என்றாள் மனைவி. "இருக்கிறதும் போயிடப் போகுது."

"போறதுக்கு அங்க என்ன மிச்சமிருக்கு?"

மாடியில் ஆறு கட்டில்கள், நடுநடுவே திரைகள். அவருக்கு வாய்த்த மாணவிக்கு ஐம்பது வயதிருக்கும்.

"பயப்படாதீங்க. இருபது வருஷம் பேக்கரியில மாவு பிசைஞ்ச கை" என்றாள். ஆனால் அந்தக் கைதான் பயத்தில் சில்லிட்டிருந்தது.

அந்தப் பள்ளியில் ஒரு வழக்கம். வருகிறவர் என்ன வேலை செய்கிறார் என்று மாணவர் கேட்கக் கூடாது. அதை எழுதிய அட்டையைக் கவிழ்த்து வைத்துவிடுவார்கள். விரல்தான் முதலில் கண்டுபிடிக்க வேண்டும்.

அவர் குப்புறப் படுத்தார். அவள் காதுக்குப் பின்னாலிருந்து தோள் வரைக்கும் அவசரமில்லாமல் தடவிக்கொண்டே வந்தாள். ஓரிடத்தில் விரல் நின்றது.

"உங்களுக்கு இடது பக்கத்துல யாரு இருக்காங்க?"

"யாரும் இல்லையேம்மா."

"இருக்காங்க. ரொம்ப வருஷமா அந்தப் பக்கமே பார்த்திருக்கீங்க. வலது பக்கம் பஞ்சு மாதிரி இருக்கு, இது கல்லா இருக்கு. எந்திரிச்சு உட்காருங்க. முடிஞ்ச வரைக்கும் மெதுவா இடது பக்கம் திரும்புங்க."

திரும்பினார். அவள் விரல் கழுத்திலேயே இருந்தது.

"ஒரே இழுப்பா திரும்பலையே. விட்டு விட்டுப் போகுது. உதடு வேற அசையுது. எதை எண்ணுறீங்க?"

வேனின் கதவு இடது பக்கம். பதினாறு வருடமாக, பிள்ளைகள் இறங்கும்போதெல்லாம் தலையைத் திருப்பி ஒவ்வொன்றாக எண்ணுகிறார். மனைவிக்குத் தெரியாது. எண்ணுகிறோம் என்பதே அவருக்குத் தெரியாது. முன்பின் தெரியாத ஒருத்தி அரை மணி நேரத்தில் அதைத் தொட்டுப் படித்துவிட்டாள். உடம்பெல்லாம் சிலிர்த்தது, கண்ணும் நிறைந்தது.

"பிள்ளைங்கம்மா" என்றார். "பத்தொன்பது பேரு."

அவள் அட்டையைத் திருப்பிப் பார்த்தாள். அவளுக்கே நம்ப முடியவில்லை. தன் இரண்டு கைகளையும் யாருடையதோ போல ஒருமுறை பார்த்துக்கொண்டாள். பிறகு சட்டைக் கையை மடித்துவிட்டு வேலையில் இறங்கினாள். அன்றும், அடுத்த இரண்டு நாளும் கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாக மாவாக்கினாள். மூன்றாம் நாள் அவர் தன் இடது தோளை நாலு மாதத்துக்குப் பிறகு பார்த்தார். பழைய சிநேகிதனைக் கண்டது போலிருந்தது.

திங்கட்கிழமை டாக்டர், "இடது பக்கம் திரும்புங்க" என்றார்.

சுலபமாகத் திரும்பியது.

"சரி, போதும்."

அவர் திரும்பியபடியே இருந்தார்.

"போதும்னு சொன்னேனே. வலிக்குதா?"

"இல்ல டாக்டர். ஒரு நிமிஷம்" என்றார் வேன்காரர். "இன்னும் ரெண்டு பேர் இறங்கணும்."