பாட்டில் மாட்டிக்கொண்ட மூச்சு

அந்தப் பாட்டு வெளியான மாதத்திலிருந்து ஊர் ஜனங்கள் தினமும் பலமுறை தரைக்கு ஒரு சாண் மேலே நின்றார்கள். பாட்டின் நடுவே தாளம் முழுக்க அடங்கி, யாரோ மூச்சை இழுக்கும் சத்தம் மட்டும் கேட்கிற ஓர் இடம் உண்டு. அங்கே குதித்தவர்கள் அடுத்த வரி வரும்வரை கீழே இறங்குவதில்லை. செருப்புக் கடையில் வேலை பார்த்த ஒரு பெண்தான் முதலில் அதை ஆடிப் படம் பிடித்துப் போட்டாள். அந்த வாரமே நர்சுகள் போட்டார்கள், பேருந்து ஓட்டுநர்கள் போட்டார்கள், பல் மருத்துவரும் அவருடைய மாமியாரும் ஒரே கைப்பேசியில் சேர்ந்து போட்டார்கள். முடிவெட்டுகிறவர் கத்தரிக்கோலோடு மேலே போனார். நாற்காலியில் இருந்தவர் கூடவே போகாததால் அந்த மாதம் சில தலைகள் கோணலாயின. யாரும் சண்டைக்குப் போகவில்லை. பாட்டு அப்படி.

ஒருவர் மட்டும் எழும்பவில்லை. லிஃப்ட் மெக்கானிக். ஊரையே ஏற்றி இறக்குகிறவர், எத்தனை முறை குதித்தாலும் குதித்த வேகத்தில் தரைக்கு வந்தார். கதவைத் தாழிட்டுக்கொண்டு குதித்துப் பார்த்ததும் உண்டு.

பாடியவன் அவருடைய மைத்துனன், மனைவியின் தம்பி. வாயாடி என்று ஊர் வைத்த பெயரையே மேடைப் பெயராகவும் வைத்துக்கொண்டவன். அவனுக்கும் அதே செருப்புக் கடையில்தான், கால் அளவு எடுக்கிற வேலை. மாமனும் மச்சானும் வெகுகாலம் சேர்ந்தே ராப் பாடினார்கள். இன்னும் யாரும் குடிவராத ஒரு கட்டடத்தில், லிஃப்ட் ஏறி இறங்கும் குழியின் அடியில் நின்று பாடினால் குரல் ஏழு மாடி ஏறித் திரும்பும். மெக்கானிக்கிடம் சாவி இருந்தது. ஒரு வரி அவன், ஒரு வரி இவர். ஒருவன் முடிக்கும்போதே அடுத்தவர் மூச்சை இழுத்துக்கொள்ள வேண்டும், அதுதான் அவர்கள் பழக்கம். முன்பெல்லாம் வரிகளை மெக்கானிக்தான் எழுதினார். இந்தப் பாட்டை மட்டும் வாயாடி எழுதினான். மாமாவுக்கான வரியையும் அவனே எழுதினான். அந்த வரி நன்றாக இருந்தது. மெக்கானிக்கால் பொறுக்க முடியாமல் போனது அதுதான்.

பதிவு நடந்த அன்று தன் முறை வந்ததும் அவர் மூச்சை இழுத்தார். வாயைத் திறக்கும் நொடியில், இது எனக்குத் தோன்றாமல் போயிற்றே என்ற நினைப்பு நெஞ்சில் குறுக்கே விழுந்தது. வாயை மூடிக்கொண்டார். வாயாடி கொஞ்சம் காத்திருந்துவிட்டு, தன் அடுத்த வரிக்குப் போனான். மாமா இழுத்த மூச்சு மட்டும் பதிவில் அப்படியே தங்கிவிட்டது.

"என்ன மாமா, தொண்டை கட்டிக்கிச்சா?"

"நீயே பாடிக்கோ. இதையெல்லாம் எவன் கேக்கப்போறான்?"

ஊரே கேட்டது. வீட்டில் சமையலறையைக் கடக்கும்போதெல்லாம் மனைவியின் குதிகால்கள் காற்றில் நின்றன. ஒருநாள் தாங்க முடியாமல் கேட்டார்: "அந்த மூச்சு யாருதுன்னு தெரியுமா உனக்கு?"

அவள் மேலிருந்தபடியே சொன்னாள்: "யாருதா இருந்தா என்னங்க? மூச்சுக்கெல்லாமா பேர் போடுவாங்க?"

அதன்பின் அவர் வீட்டில் எண்ணெய்க் கறையுள்ள விரல்களைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். ஊரைத் தூக்குவது தன் மூச்சுதான், பந்தி முழுக்கத் தன்னுடையது என்று எண்ணுவதும், அடுத்த கணமே ஓர் இலைகூடத் தனக்கில்லை என்று எண்ணுவதுமாக மாதங்கள் போயின. பிறகு ஒரு மதியம், அலுவலகக் கட்டடம் ஒன்றின் லிஃப்டுக்குள் மூன்று பெண்கள் கைப்பேசியில் பாட்டைப் போட்டு எழும்பினார்கள். மூலையில் பொத்தான் பலகையைக் கழற்றிக்கொண்டிருந்த மெக்கானிக், அந்த இடைவெளியில், சொல்லாமல் விட்ட வரியை முணுமுணுத்தார். மூவரும் தொப்பென்று விழுந்தார்கள். ஒருத்திக்குக் கணுக்கால் பிசகியது. அவர் மன்னிப்புக் கேட்டார். ஆனால் அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் சீட்டியடித்தார்.

வாயாடியின் முதல் பெரிய கச்சேரி விளையாட்டு மைதானத்தில் வைத்திருந்தார்கள். குடும்பத்துக்கு முன்வரிசை. மெக்கானிக் அந்த வரியை மிட்டாய் போல வாய்க்குள் ஒதுக்கிக்கொண்டு போனார். பாட்டு அந்த இடத்துக்கு வந்தது. ஒலிபெருக்கிகளில் அவருடைய பழைய மூச்சு கேட்டது. சொல்வதற்காக அவர் புதிதாகவும் ஒன்றை இழுத்தார். இரண்டு மூச்சு சேர்ந்ததால் கூட்டம் ஒரு சாணில் நிற்கவில்லை. விளக்குக் கம்பங்களின் பாதி உயரத்துக்குப் போனது. மனைவியின் செருப்பு ஒன்று அவர் தோளில் விழுந்தது. மேடையில் இருந்தவனும் போனான். அங்கிருந்து பார்த்தபோது, காலி நாற்காலிகளுக்கு நடுவே, கன்னம் உப்பிப்போய் ஒரே ஓர் ஆள் நிற்பது அவனுக்குத் தெரிந்தது. பயத்தில் அடுத்த வரி மறந்துவிட்டது.

"மாமா!" மைக்கில் மைதானம் முழுக்கக் கேட்டது. "அது உங்க வரிதான். சொல்லணும்னா சொல்லுங்க. கொஞ்சம் பாத்து சொல்லுங்க!"

"ஏங்க, நான் இங்க இருக்கேங்க!" என்று மனைவி கத்தினாள்.

தான் மூச்சை விடாதவரை அவர்கள் கீழே வர மாட்டார்கள் என்பது அவருக்கு விளங்கியது. வாழ்க்கையில் முதல்முறையாக எல்லாரும் அவரையே பார்த்தார்கள். அந்தச் சுகத்தை அவர் அவசரமில்லாமல் அனுபவித்தார். பார்வை இருட்டத் தொடங்கும்வரை அனுபவித்தார். பிறகு கை தானாகச் செய்கிற வேலையை மூச்சு செய்தது. மின்சாரம் போய், ஆட்கள் லிஃப்டுக்குள் இரு மாடிகளுக்கு நடுவில் தொங்கும்போது பிரேக்கை ஒரேயடியாகத் தளர்த்தக் கூடாது. கொஞ்சம் விட வேண்டும், பிடிக்க வேண்டும், மறுபடி கொஞ்சம் விட வேண்டும். மூக்கு வழியே அப்படித்தான் விட்டார். மைதானம் மொத்தமும், கைக்குழந்தைகள் விழிக்காதபடி, புல்லில் வந்து நின்றது. வரி வாய்க்குள்ளேயே கரைந்தது.

அது முதல் எல்லாக் கச்சேரிகளுக்கும் அவர் போகிறார். மேடையோரம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காருவார். விளக்குக்கு வந்த ஆள் என்று கூட்டம் நினைத்துக்கொள்கிறது. மூச்சை இழுத்து ஏற்றுகிறார், கொஞ்சம் கொஞ்சமாக விட்டு இறக்குகிறார். இதுவரை யாருக்கும் ஒரு சிராய்ப்புகூட இல்லை. பொறாமை குறைந்துவிட்டதா என்றால் இல்லை. கூட்டம் முழுக்க இறங்கிய பிறகே மைத்துனனை இறக்குகிறார். தரைக்கு ஓர் அடி இருக்கும்போது அவனைச் சட்டென்று விட்டுவிடுவார், தொப்பென்று விழுவான். வாயாடி இதைப்பற்றி அக்காவிடம்கூடச் சொன்னதில்லை. கடையிலேயே அடி தடித்த காலணியாகப் பார்த்து ஒரு ஜோடி எடுத்து வைத்துக்கொண்டான்.