எட்டுக் கிலோ ஸ்பிரிங்

தம்பியின் மனைவியோடு அக்கா பேச்சை நிறுத்தி நான்கு வருடம் ஆகியிருந்தது. காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. பெரிதாக இருந்திருந்தால் நாலு பேர் கூடிப் பேசித் தீர்த்து வைத்திருப்பார்கள்.

கல்யாணமான புதிதில் தம்பி மனைவி காரைப் பின்னால் எடுக்கும்போது அக்காவின் பட்டறை ஷட்டரில் இடித்துவிட்டாள். இறங்கி வந்து, "இந்தக் கண்ணாடில ஒண்ணும் சரியாத் தெரியல அண்ணி" என்றாள். பட்டறையில் மூன்று வாடிக்கையாளர்கள் நின்றுகொண்டிருந்தார்கள். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்று அக்கா சொன்னாள். மூன்று பேரும் சிரித்தார்கள். தம்பி மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். நாலு பேர் முன்னால் திட்டுவது அவள் பழக்கம். திட்டு வாங்குவது அவள் பழக்கமில்லை. அன்றைக்குப் போனவள் அதன்பிறகு பட்டறைக்குள் காலை வைக்கவில்லை. அக்காவும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதை விட்டுவிட்டு 'டீச்சர்' என்றே குறிப்பிட ஆரம்பித்தாள். அந்த ஒரு சொல்லைக் கசப்பு மருந்து குடிக்கிற மாதிரி வாயைக் கோணிக்கொண்டுதான் சொல்வாள்.

அக்கா வேறு எந்த ரிப்பேரும் பார்க்க மாட்டாள். எஞ்சின் ஓடவில்லை, ஏசி குளிரவில்லை என்று வந்தால் அடுத்த தெருவைக் கை காட்டுவாள். அவளுக்குத் தெரிந்தது சஸ்பென்ஷன், அதாவது குலுக்கலைத் தாங்கும் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும். அதில் அவளை மிஞ்ச அந்தப் பக்கத்தில் ஆள் இல்லை.

மாதத்தில் ஒரு ஞாயிறு, ஊருக்கு வெளியே இருக்கும் பந்தயத் தடத்தைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடுவார்கள். யார் வேண்டுமானாலும் சொந்தக் காரைக் கொண்டுபோய் வேகமாக ஓட்டலாம். பரிசு கிடையாது, கடிகாரம் மட்டும் உண்டு. தம்பியும் டீச்சரும் ஒரு சின்னச் சிவப்புக் காரை அதற்கென்றே வைத்திருந்தார்கள். அதன் பின்சீட்டைக் கழற்றி, பழைய ஸ்பிரிங்கையும் ஷாக்கையும் தூக்கிப் போட்டுவிட்டு, அக்கா காயிலோவர் மாட்டிக் கொடுத்திருந்தாள். காயிலோவர் என்றால் ஷாக்கைச் சுற்றியே ஸ்பிரிங் உட்கார்ந்திருக்கும். மரையைத் திருகி உயரத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். ஸ்பிரிங்கையும் வேண்டிய கடினத்தில் மாற்றிக்கொள்ளலாம். ஒரு மில்லிமீட்டர் அமுங்க எட்டுக் கிலோ பாரம் வேண்டுமென்றால் அது எட்டுக் கிலோ ஸ்பிரிங்.

முதலில் முன்னால் எட்டும் பின்னால் ஏழும்தான் அக்கா போட்டாள். ஒரே ஒரு ஞாயிறு ஓட்டிவிட்டுத் தம்பி திரும்பி வந்தான். டீச்சர் எதிர்ச்சாரி மருந்துக் கடை நிழலில் நின்றுகொண்டாள்.

"அவளுக்கு முதுகு வலிக்குதாம்க்கா. நாலுலயும் அஞ்சு போடச் சொல்றா."

"முதுகு வலிச்சா மெத்தைல படுக்கச் சொல்லு. அஞ்சு போட்டா வளைவுல வண்டி படகு மாதிரி சாயும்னு சொல்லு."

தம்பி தெருவைக் கடந்து போனான். கையை ஆட்டி ஏதோ பேசினான். அவள் பட்டறைப் பக்கம் பார்த்து உதட்டைச் சுழித்தாள். திரும்பி வந்தவன், "அஞ்சேதான் வேணுமாம்" என்றான்.

அக்கா ஸ்பானரைத் தரையில் எறிந்துவிட்டு ஐந்து கிலோ ஸ்பிரிங்கை எடுத்தாள்.

அதன்பிறகு மூன்று மாதமாக, முன்சக்கரம் வழுக்குகிறது என்ற புகார்தான் வந்துகொண்டிருந்தது. ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் வண்டி நேராகவே ஓடுகிறதாம். அக்கா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஏனென்றால் அதே ஸ்பிரிங்கில் தம்பி ஒரு சுற்றை ஒரு நிமிடம் ஐம்பத்திரண்டு நொடியில் முடித்திருந்தான். அவனே போன் போட்டுச் சொன்னான். அந்தச் சின்ன எஞ்சினுக்கு அது அபாரமான நேரம். தம்பி ஓட்டினால் ஓடுகிற வண்டி அவள் ஓட்டினால் ஓடவில்லையென்றால் தப்பு வண்டியிலா இருக்கும்?

"ஷட்டர் எங்க இருக்குன்னு தெரியாதவளுக்கு வளைவு எங்க இருக்குன்னு எப்பிடித் தெரியும்?" என்றாள் தம்பியிடம். தம்பி சிரித்து வைத்தான்.

ஞாயிற்றுக்கிழமையில் அக்கா தடத்துப் பக்கம் போவதில்லை. தூங்குவாள். அந்த மாதம் வாடிக்கையாளர் ஒருவர் புதிதாக மாட்டிய ஷாக்கை அங்கேயே வந்து பார்த்துக் கொடுக்கச் சொன்னதால், வேனில் சாமான்களை ஏற்றிக்கொண்டு காலையிலேயே போனாள். அந்த வேலை அரை மணி நேரத்தில் முடிந்தது. சிவப்புக் கார் நின்ற இடத்தில் ஆள் இல்லை. தம்பி காலை முறையை ஓட்டிவிட்டு, பெட்ரோல் கேனோடு வெளியே போயிருந்தான். இப்போது டீச்சர் தடத்தில் இருந்தாள்.

வேடிக்கை பார்க்கலாமே என்று அக்கா கம்பி வேலியோரம் போய் நின்றாள். மூன்றாவது வளைவு நீளமானது. நடுவில் ஒரு பள்ளம் உண்டு. சிவப்புக் கார் உள்ளே நுழைந்த விதத்தைப் பார்த்ததும் அக்காவின் நெற்றி சுருங்கியது. பிரேக் பிடித்த இடம், திருப்பிய இடம், எதிலும் குறை சொல்ல முடியவில்லை. பள்ளத்தில் இறங்கியபோது காரின் மூக்கு சட்டென்று அமுங்கியது. அடுத்த கணம் டயர் அலறியது. சக்கரம் திரும்பியபடியே இருக்க, கார் நேராகப் போய் ஓரத்துச் சரளைக்கல்லில் புதைந்தது.

டிராக்டர் வந்து இழுத்துவிட்டது. டீச்சர் காரைக் கொண்டுவந்து நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றி பானட்டின் மேல் வைத்தாள். வைத்த வேகத்தில் அது உருண்டு கீழே விழுந்தது. எதிரே அக்கா நிற்பதைப் பார்த்ததும், நான்கு வருடக் கோபமும் சேர்ந்து வந்தது.

"போதுமா அண்ணி? இன்னிக்குத் தப்பிச்சேன். அடுத்த தடவ சுவத்துல போய் அடிச்சாத்தான் மனசு குளிருமா?"

"ஓட்டத் தெரியாம ஓட்டிட்டு என்கிட்ட எதுக்கு எகிறற?"

"மூணு மாசமாக் கேக்கறேன், மறுபடி எட்டு போடுங்க, எட்டு போடுங்கன்னு. கேட்டவளுக்கு ஓட்டத் தெரியாதுன்னு சொல்லி அனுப்புனா என்ன அர்த்தம்?"

"நீ எங்கடி எட்டு கேட்ட? முதுகு வலிக்குது, அஞ்சு போடுன்னு ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்னு அடம் பிடிச்சது யாரு? நானா?"

"யாருக்கு முதுகு வலி?"

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தம்பி வெளியே போன பக்கம் திரும்பிப் பார்த்தார்கள்.

டீச்சர்தான் முதலில் பேசினாள். குரல் இறங்கியிருந்தது, ஆனால் சூடு குறையவில்லை. "எட்டு ரொம்ப ஹார்டு, உங்களுக்கெல்லாம் அஞ்சுதான் லாயக்குன்னு நீங்க சொன்னதா சொன்னாரு."

அக்கா முன்சக்கரத்தின் அருகே மண்டியிட்டு, டார்ச்சை உள்ளே அடித்தாள். ஷாக்கின் தண்டில் அவளே ஒரு கேபிள் டை கட்டியிருந்தாள். ஷாக் எவ்வளவு அமுங்குகிறதோ அவ்வளவு தூரத்துக்கு அது மேலே தள்ளப்பட்டு அங்கேயே நிற்கும். தம்பி தன் முறை முடிந்ததும் அனுப்பும் போட்டோவிலெல்லாம் இரண்டு விரல் இடைவெளி மிச்சம் இருக்கும். இப்போது டை உச்சியிலிருந்த ரப்பர் முட்டோடு ஒட்டிக் கிடந்தது. ரப்பரின் விளிம்பு பிய்ந்திருந்தது. அதற்குமேல் அமுங்க இடமில்லாமல் ஸ்பிரிங் கட்டையாகிவிட்டது என்று அர்த்தம். பள்ளத்தில் முன்சக்கரம் பிடியை விட்டது அதனால்தான்.

"உன்னோட டைம் என்ன?" என்றாள், நிமிராமலே.

டீச்சர் காருக்குள்ளிருந்து ஒரு நோட்டை எடுத்து நீட்டினாள். கட்டம் போட்ட தாளில், மாணவர்களின் மதிப்பெண் பட்டியல் மாதிரி எல்லாம் வரிசையாக இருந்தது. தம்பி தன்னுடையதாகச் சொன்ன ஐம்பத்திரண்டு டீச்சருடையது. தம்பியின் பத்தியில் ஐம்பத்தேழுக்குக் கீழே ஒரு எண்கூட இல்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் தம்பி இரண்டு கையிலும் கேனோடு வந்தான். இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதைப் பார்த்ததும் அவன் முகம் வெளுத்தது. இருந்தாலும் பழக்கம் விடவில்லை. மனைவியைப் பார்த்து, "அக்கா என்ன சொல்லவராங்கன்னா..." என்று ஆரம்பித்தான்.

"அண்ணி சொன்னது எனக்கே கேட்டுச்சு. கேனைக் கீழ வைங்க."

வைத்தான்.

"ஏன்டா?" என்றாள் அக்கா.

அவன் கேனின் மூடியைத் திருகினான், மறுபடி இறுக்கினான். "அந்த மொத ஞாயித்துக்கிழம... அஞ்சாவது வளைவுல பின்பக்கம் பிச்சுக்கிட்டுப் போயி வண்டி ரெண்டு சுத்து சுத்திருச்சு. ஒண்ணும் ஆகல. ஆனா அதுக்கப்பறம் அந்த ஸ்பிரிங்ல ஏற பயமா இருந்துச்சு. இவகிட்ட எப்பிடிச் சொல்றது? இவ என்னவிட வேகமா ஓட்டறா. உன்கிட்டயும் எப்பிடிச் சொல்றது? தம்பி மாதிரி ஓட்ட ஆளில்லன்னு வர்றவன் போறவன்கிட்ட எல்லாம் சொல்லிட்டு இருக்க."

அக்காவுக்கு அவன்மேல் பரிதாபம் வந்தது. வந்த வேகத்திலேயே போனது. "பயம்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா உனக்குன்னு தனியா ஒரு செட் வாங்கி வெச்சிருப்பேன்டா. அதுக்குப் பதிலா இவள சரளைல எறக்கிவிட்டு வேடிக்க பாத்திருக்க. சுவரா இருந்திருந்தா?"

டீச்சர் அவனைப் பார்க்கவே இல்லை. "அவர வீட்டுல போய்ப் பாத்துக்கறேன். எட்டு இருக்கா அண்ணி?"

இருந்தது. கழற்றிய நான்கு ஸ்பிரிங்கும் வேனுக்குள் பெட்டியிலேயே கிடந்தன. அக்கா ஜாக்கி போட்டு வண்டியைத் தூக்கினாள். அடுத்த சண்டை அங்கேயே தொடங்கியது.

"பின்னாடியும் ஏழு போடுங்க."

"மாட்டேன். இப்பதான அவன் சுத்துன கதையக் கேட்ட?"

"அவர் பயந்துபோய் வளைவு நடுவுல ஆக்சிலேட்டர்லேர்ந்து காலை எடுத்திருப்பாரு. நான் எடுக்க மாட்டேன்."

அக்கா தம்பியைப் பார்த்தாள். அவன் கேனைப் பார்த்தான்.

"என்ன இருந்தாலும் மாட்டேன். எனக்குக் கணக்கு டீச்சர் பாடம் எடுக்க வேண்டாம்."

"அப்ப நீங்களே பக்கத்துல உக்காந்து பாருங்க."

"உன் பக்கத்துல உக்கார எனக்கென்ன பைத்தியமா?"

ஆனால் மத்தியானம், முன்னால் எட்டும் பின்னால் ஐந்துமாக வண்டி கிளம்பியபோது, தம்பியின் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு அக்கா பக்கத்து சீட்டில் இருந்தாள். தான் மாட்டிய வண்டியைப் பிறத்தியார் வாயால் கேட்டே மூன்று மாதம் ஏமாந்தது அவளைக் குத்திக்கொண்டிருந்தது.

முதல் சுற்று நிதானமாகப் போயிற்று. இரண்டாவது சுற்றில் மூன்றாவது வளைவு வந்தபோது அக்கா தன்னை அறியாமல் இரண்டு காலாலும் தரையை மிதித்தாள். பள்ளத்தில் மூக்கு இறங்கியது, நின்றது, அப்படியே வளைந்து போனது. ரப்பரில் முட்டவில்லை. அக்காவுக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். ஐந்தாவது வளைவில் அது போய்விட்டது. பின்பக்கம் சோம்பேறி மாதிரி சாய்ந்து கிடக்க, முன்சக்கரம் மட்டும் தனியாக மல்லுக்கட்டியது. அவள் முதுகிலேயே அது தெரிந்தது. டீச்சர், ஸ்டியரிங்கில் தன் கை எவ்வளவு கூடுதலாகத் திரும்புகிறது என்பதை அக்கா பார்க்கட்டும் என்று, அடுத்த சுற்றிலும் அதே இடத்தில் அதே வேகத்தில் திருப்பினாள்.

வண்டி நின்றதும் அக்கா இறங்கினாள். கதவை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"பின்னாடி ஏழு போடணும்" என்றாள்.

டீச்சர் முகத்தில் சிரிப்பு எட்டிப் பார்த்தது. அது முழுசாக வருவதற்குள் அக்கா தொடர்ந்தாள். "பிரேக்க அவ்வளவு லேட்டா மிதிக்காத. அது ஒண்ணும் சாகசமில்ல, திமிரு. ஒரு ஞாயித்துக்கிழமைக்கு ஒரு செட் டயர் தின்னுடுவ."

"பிரேக் உங்க டிபார்ட்மென்ட் இல்ல அண்ணி."

"என் ஸ்பிரிங் மேல உக்காந்துதான மிதிக்கற?"

இப்போது அந்தக் காருக்கு இரண்டு செட் ஸ்பிரிங் இருக்கிறது. டீச்சருக்கு எட்டும் ஏழும், தம்பிக்கு ஐந்து. ஞாயிற்றுக்கிழமையில் அவன் முறை முடிந்ததும் அவனேதான் ஜாக்கி போட்டு நான்கையும் மாற்ற வேண்டும். அக்கா ஸ்பானரைத் தொட மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். அவள் வேலியோரம் நின்று டீச்சரோடு சண்டை போடுவதற்காக மட்டும் மாதாமாதம் போகிறாள். போன மாதம் டயரின் காற்றழுத்தம் பற்றி ஆரம்பித்தது, சாமான்களை மூட்டை கட்டும்வரை ஓயவில்லை. தம்பி கை முழுக்க கிரீஸோடு சக்கரத்தின் அடியிலிருந்து தலையை நீட்டி, "மாட்டியாச்சு" என்று இரண்டு முறை சொன்னான். அவர்கள் காதில் அது விழவில்லை.