புள்ளியொழிப்பான்

செய்தி வாசிக்கிற பெண்ணுக்கு வாய் இல்லை, கண் இருக்கிறது, மூக்கு இருக்கிறது, மூக்குக்குக் கீழே ஊறவைத்த மிளகு மாதிரி ஒரு சாம்பல் புள்ளி, அதற்குள்ளிருந்துதான் அமைச்சர்கள் வருகிறார்கள், வங்கக் கடலின் காற்றழுத்தம் வருகிறது, தணிகாசலம் சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்து, பேனல் கோளாறு, என்றார், மூன்றாவது டிவி, மூன்றாவது பேனல், நாற்பது வருஷம் திரையோடு குடும்பம் நடத்தினவன் சொல்றேன், இது பேனல்தான், சமையலறையிலிருந்து புனிதவதி, அந்தப் பொண்ணுக்கு வாய் நல்லாத்தான் இருக்கு, லிப்ஸ்டிக்தான் கொஞ்சம் ஜாஸ்தி, என்றாள், உனக்கு என்னடி தெரியும், என்றார் சுவரைப் பார்த்து, மனைவியின் முகத்தை நேராகப் பார்த்துப் பேசும் வழக்கம் அவருக்கு எப்போதோ நின்றுபோயிருந்தது, இந்தக் காலத்து டிவிக்குள் முகத்தைத் தேடிப்பிடித்துப் பொலிவாக்குகிற மென்பொருள் ஒன்று உட்கார்ந்திருக்கிறது, அது முகத்தைத் தப்பாகப் பிடிக்கிறது, அதனால்தான் புள்ளி முகத்துக்கு முகம் தாவுகிறது, காலையில் அதே புள்ளி நாட்காட்டியின் தேதிக்குக் கீழேயும் உட்கார்ந்திருந்ததை அவர் யாரிடமும் சொல்லவில்லை, நாட்காட்டி அவருடைய துறை இல்லை. புனிதவதி கண் ஆஸ்பத்திரியில் இரண்டு தடவை நாள் வாங்கினாள், இரண்டையும் அவரே ரத்து செய்தார், இது மூன்றாவது, நாளைக் காலை, டாக்டரம்மா போனிலேயே சொல்லிட்டாங்க, ஊசி போட்டா இத்தோட நிறுத்திடலாமாம், நாளைக் கடத்தினா போன பார்வை போனதுதானாம், ஜன்னல் கம்பி வளைஞ்சு தெரியுதுன்னு நீங்கதானே சொன்னீங்க, என்கிறாள், கம்பி வளைந்தால் கொல்லனைக் கூப்பிடு, என்கிறார்.

சனிக்கிழமை அவருக்கு விழா, ஒளித்திரைச் செம்மல் என்று பட்டம், அழைப்பிதழில் அவர் பேசப்போகும் தலைப்பு, பொறியாளனின் கண், ஐயாவின் கண்ணே ஓர் அளவுக்கருவி என்று விழாத் தலைவர் எழுதிய முன்வரி, அந்த வரியைத் தலைவருக்கு எழுதிக்கொடுத்தவரும் அவரேதான், இந்த நேரத்தில் கண் ஆஸ்பத்திரி வாசலில் சொட்டு மருந்தோடு தலையை அண்ணாந்துகொண்டு யாராவது பார்த்துவிட்டால், என்று நினைக்கையில் நினைவு நழுவி அம்பத்தூருக்குப் போகிறது, எண்பதுகளின் தொடக்கம், இப்போது கல்யாண மண்டபமாகிவிட்ட அந்தத் தொழிற்சாலை, கறுப்பு வெள்ளை டிவியை அணைத்தால் படம் நாலு பக்கமும் சுருங்கிச் சுருங்கி நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளியாக நிற்கும், விடைபெற்ற பிறகும் வாசற்படியில் நின்று பேசுகிற விருந்தாளி மாதிரி நிற்கும், நின்று நின்று குழாயின் உள்பூச்சைப் பொசுக்கும், அந்தப் புள்ளியை ஒரு டிரான்சிஸ்டரும் ஒரு கெபாசிட்டரும் வைத்துக் கொன்றவர் தணிகாசலம், பதினோரு மாதம் பிடித்தது, முதலாளி அதற்குப் புள்ளியொழிப்பான் என்று பெயர் வைத்தார், பிறகு அந்தப் பெயர் சர்க்யூட்டை விட்டு இவர்மேல் ஏறிக்கொண்டது, பிறகு கலர் வந்தது, தட்டைத் திரை வந்தது, குழாயே போய்விட்டது, குழாயோடு புள்ளியும் போய் அவருடைய சர்க்யூட்டும் காயலான் கடைக்குப் போனது, ஆனால் திரை மெலிய மெலிய அவருடைய பதவி பருத்தது, இல்லாத புள்ளியை ஒழித்த கதையை அவர் ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

புள்ளி என்றால் அமலோற்பவமும் வருவாள், வேண்டாம் என்றாலும் வருவாள், கடைசி மேஜையில் பதினோரு வருஷம் செட் பார்த்து அனுப்பியவள், நெற்றியை அசையாமல் வைக்க ஒரு பலகை, எதிரே வெள்ளைத் திரை, திரை நடுவில் ஒரு கூட்டல் குறி, குறியையே பார்க்க வேண்டும், பார்க்கிறாள், ஒருநாள் நாற்பத்தோரு செட்டைத் தள்ளிவிட்டாள், நாற்பத்தொன்றிலும் குறிக்குக் கீழே ஒரே இடத்தில் சிவப்புச் சாக்பீஸ் வட்டம், தணிகாசலம் பரிவாரத்தோடு இறங்கி வந்தார், என்னம்மா, நாப்பத்தொண்ணுக்கும் ஒரே இடத்துலயா அம்மை போட்டிருக்கு, என்றதும் வரிசை முழுக்கச் சிரித்தது, கறுப்பா இருக்கு சார், மாதா சத்தியமா இருக்கு சார், என்றாள், அவர் செட்டைத் தலைகீழாகத் திருப்பி வைக்கச் சொன்னார், இப்ப அதே குறியைப் பாரு, கோளாறு கண்ணாடியில இருந்தா புள்ளி மேல போயிருக்கணும், போச்சா, அவள் நெற்றியைப் பலகையில் வைத்தபடி வெகுநேரம் இருக்கிறாள், பக்கத்து மேஜைக்காரி, மேலன்னு சொல்லித் தொலையேன்டி, என்று முணுமுணுக்கிறாள், அவள் சொல்லவில்லை, கீழயேதான் சார் இருக்கு, என்றாள், செட்டை அணைச்சாலும் போக மாட்டேங்குது சார், என்றாள், நான் ஒழிச்ச புள்ளியை இந்தம்மா கண்ணுக்குள்ள எடுத்து வெச்சிக்கிட்டிருக்கு, என்றார் அவர், அன்று தொழிற்சாலை சிரித்த சிரிப்பை இன்றும் அவரால் ஆள் ஆளாகப் பிரித்துச் சொல்ல முடியும், ஈஎஸ்ஐக்கு ஒரு லெட்டர் குடுங்க சார், கண்ணைக் காட்டிட்டு ஓடியாந்துடறேன், என்றவளுக்கு அவர் லெட்டர் கொடுத்தார், வேறு லெட்டர். நாலு வருஷம் கழித்து பாடி பஸ் ஸ்டாப்பில், ஐயா, வர்றது எத்தனாம் நம்பர்னு கொஞ்சம் சொல்லுங்களேன், என்று அவர் இருந்த திசைக்குப் பக்கத்துத் திசையைக் கேட்டாள், அவர் குரலை மாற்றிக்கொண்டு சரியான நம்பரைத்தான் சொன்னார், அந்த நேர்மையை நினைத்து அன்று முழுக்க அவருக்கு மனசு நிறைந்திருந்தது.

வாசல் மணி அடிக்கிறது, டிவி கம்பெனி சர்வீஸிலிருந்து இத்ரீஸ், ஐம்பது வயது, கண்ணாடியைக் கயிற்றில் கோத்து மார்பில் தொங்கவிட்டவர், மூன்றாம் முறையாக வருகிறார், சார், போன தடவ நீங்க யாருன்னு தெரியாமப் போச்சு சார், நீங்க எழுதின டிவி ரிப்பேர் புஸ்தகத்தைப் படிச்சுத்தான் சார் நான் இந்தத் தொழிலுக்கே வந்தேன், அறுபத்தி நாலாம் பக்கம் இன்னும் மனப்பாடம், என்று பள்ளிப்பிள்ளை போலக் கையைக் கட்டிக்கொண்டு ஒப்பிக்கிறார், செட்டைத் தலைகீழாகத் திருப்பு, புள்ளி இடம் மாறினால் கோளாறு திரையில், மாறாவிட்டால் செட்டைத் தொடாதே, ஆளை அனுப்பு, என்னா எழுத்து சார், அதையே பண்ணிடலாம் சார் இன்னிக்கு, அதெல்லாம் பழைய குழாய்க்குப்பா, என்கிறார் தணிகாசலம், கண்ணாடி எதுவானா என்ன சார், கண்ணு ஒண்ணுதானே, என்று இத்ரீஸ் வெள்ளைத் திரையை வரவழைக்கிறார், நடுவில் ஒரு குறி வேண்டும், புனிதவதி நெற்றிப் பொட்டை எடுத்து ஒட்டுகிறாள், தணிகாசலம் பொட்டைப் பார்க்கிறார், பொட்டுக்குக் கீழே சாம்பல், இத்ரீஸ் ஒரு பக்கம், முந்தானையைச் செருகிக்கொண்டு புனிதவதி ஒரு பக்கம், டிவியைக் கழற்றித் தலைகீழாகத் திருப்பித் தூக்கிப் பிடிக்கிறார்கள், பொட்டு அதே நடுவில், சாம்பல் அதே கீழே, இம்மியும் நகராமல், சொல்லுங்க சார், மேலயா கீழயா, கை வலிக்குதுங்க, சீக்கிரம் சொல்லுங்க, நெற்றிப் பலகை எதுவும் இல்லாமலே அவர் தலை அசையாமல் இருக்கிறது, சொல்லித் தொலையேன்டி, என்கிறாள் யாரோ, சால்வை மடிப்பு கலையாமல் சனிக்கிழமை காத்திருக்கிறது, மேலே போயிடுச்சு, என்றார் தணிகாசலம்.

இத்ரீஸ் கண்ணாடியை மாட்டித் திரையை ஒரு சுற்று பார்த்தார், என் கண்ணுக்கு ஒண்ணும் ஆப்புடல சார், ஆனா நீங்க சொன்னா சொன்னதுதான், உங்க கண்ணு கண்ணா சார், மெஷினாச்சே, பேனல் கோளாறுன்னே எழுதிடறேன், கையெழுத்து இங்கே, என்றார், தணிகாசலம் கோட்டுக்குச் சற்று மேலே கையெழுத்துப் போட்டார், அப்ப ஆஸ்பத்திரிக்கு என்னங்க சொல்ல, என்று கேட்டாள் புனிதவதி, வரலேன்னு சொல்லு, அவள் பொட்டைத் திரையிலிருந்து உரித்து, கண்ணாடியில் ஒட்டுகிற பழக்கத்தில் சுவரில் ஒட்டிவிட்டுப் போனைத் தேடிப் போனாள், இத்ரீஸ் மூன்றாவது டிவியையும் வண்டிக்குக் கொண்டுபோனார். சுவரில் நாலு ஆணித் துளை, டிவி மறைத்திருந்த இடம் மட்டும் வெளிறிய செவ்வகம், நடுவில் பொட்டு, பொட்டுக்குக் கீழே அது, திரை இல்லை, மின்சாரம் இல்லை, மென்பொருள் இல்லை, ஆனாலும் கீழேயேதான் இருக்கிறது, மிளகு அல்ல இப்போது, நாவல்பழம், செட்டை அணைச்சாலும் போக மாட்டேங்குது சார், என்று கேட்கிறது, வரிசை முழுக்கச் சிரிக்கிறது, அந்தச் சிரிப்பில் எல்லாரையும்விட உரத்துக் கேட்கும் குரல் அவருடையது, என்னங்க வெறுஞ்சுவத்தை இப்படிப் பாக்கறீங்க, என்று புனிதவதி வந்து சுவருக்கு முன்னால் நின்றாள், எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அவர் அவளை நேராகப் பார்த்தார், கண் இருந்தது, மூக்கு இருந்தது, மூக்குக்குக் கீழே எதுவும் இல்லை, அந்த இல்லாததற்குள்ளிருந்து, ரத்து பண்ணிட்டேங்க, இனிமே ஒரு மாசத்துக்கு நாள் இல்லையாம், என்று செய்தி வந்தது.